வயசான நாய் இருக்கற வீட்டுக்கு ஹவுஸ் சிட்டிங் போறீங்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னைல இது இப்போ ஒரு வழக்கமாவே ஆயிடுச்சு. பொண்ணுக்கு டெலிவரினு அங்கிளும் ஆன்ட்டியும் நியூ ஜெர்சிக்கோ டல்லாஸுக்கோ கெளம்பிடறாங்க, போனா திரும்பி வர மாசக்கணக்காகும், வீட்ல 12 வயசுல ஒரு லேப்ரடார் படுத்திருக்கும், அத கென்னல்ல விட மனசு வராது. யாராவது வந்து வீட்டோட தங்கி பாத்துக்கிட்டா வாடகை வேணாம், ஏசி ரூம் உண்டு, வைஃபை உண்டுனு பேச்சு வரும். ஐடி பசங்க, பிஜி படிக்கற பொண்ணுங்க, ரிட்டயர் ஆன தம்பதிங்கனு நெறைய பேர் இத பண்றாங்க, நானும் பண்றேன். இதுல பெரிய தலவலியே நாய்க்கு என்ன வியாதினு சொல்லாம சாவிய குடுத்துட்டு போயிடறதுதான். எங்கிட்ட திரும்ப திரும்ப வர்ற கேள்விங்கள ஒரே எடத்துல போட்டு வெச்சிருக்கேன். நான் டாக்டர் இல்ல, அதனால இத படிச்சிட்டு நீங்களே மருந்து குடுக்க கெளம்பிடாதீங்க.

ஓனருங்க ஏன் மறைக்கறாங்க? வேணும்னே ஏமாத்தறாங்களா?

சில பேர் வேணும்னேதான் பண்றாங்க. வலிப்பு வரும்னு சொன்னா யாரும் வர மாட்டாங்க, டிக்கெட் வேற போட்டாச்சு, அதனால வாய தெறக்க மாட்டாங்க. ஆனா நான் பாத்த வரைக்கும் அந்த மாதிரி ஆளுங்க கம்மி. முக்கால்வாசி பேருக்கு அது வியாதியாவே தெரியறதில்ல. நாய் கொஞ்சம் கொஞ்சமா மாறுது, கூடவே இருக்கறவங்க கண்ணுக்கு பழகிடுது, மாடிப்படி ஏறாம நின்னப்போ "வயசாயிடுச்சுல்ல", ராத்திரி நாலு தடவ எழுந்தப்போ "வயசாயிடுச்சுல்ல", ஹால்லயே ஒண்ணுக்கு போனப்போவும் அதே டயலாக்தான். அப்புறம் உங்ககிட்ட "ஹெல்த்தி டாக்பா, ஒரு பிரச்சனையும் இல்ல"னு சொல்றப்போ அவங்க மனசார உண்மைதான் சொல்றாங்க.

மூணாவதா ஒரு வகை இருக்கு. வருஷா வருஷம் ரேபிஸ் ஊசிக்கு மட்டும் டாக்டர்கிட்ட போவாங்க, ரத்த டெஸ்ட்லாம் எடுத்ததே கெடையாது. இவங்க எதையும் மறைக்கல, அவங்களுக்கே தெரியாது. அதனால கோவப்படறதுக்கு முன்னாடி நம்ம ஆள் எந்த வகைனு பாத்துக்கோங்க, ஏன்னா ஒவ்வொருத்தர்கிட்டயும் விஷயத்த வாங்கற விதமே வேற.

எத்தன வயசுல இருந்து வயசான நாய்னு எடுத்துக்கணும்?

லேப், ஜெர்மன் ஷெப்பர்ட், ராஜபாளையம் மாதிரி பெரிய ஒடம்புக்காரங்க 7, 8 வயசுலயே அந்த கணக்குல வந்துடுவாங்க. கிரேட் டேன்லாம் இன்னும் சீக்கிரம். பொமரேனியன், டேஷண்ட் மாதிரி சின்னதுங்க 10க்கு மேல. ஓனர் சொல்ற வயசுல ஒண்ணு ரெண்டு கூட்டியே வெச்சுக்கோங்க.

ஒத்துக்கறதுக்கு முன்னாடி என்ன கேக்கணும்?

"ஏதாவது வியாதி இருக்கா"னு கேக்கவே கேக்காதீங்க, பதில் எப்பவும் இல்லனுதான் வரும். தினப்படி வாழ்க்கைய கேளுங்க. ராத்திரி எத்தன தடவ எழுந்திருக்கும், தண்ணி கிண்ணத்த ஒரு நாளைக்கு எத்தன தடவ ரொப்பறீங்க, சோஃபால ஏறுமா, முன்னாடி ஏறிட்டு இருந்துச்சா, எப்பலருந்து ஏறல, கடைசியா குளிப்பாட்டினது யாரு, அப்போ உறுமிச்சா, கடைசியா டாக்டர்கிட்ட எதுக்கு போனீங்க, அந்த ஃபைல் எங்க. பொண்ணு நாய்னா கருத்தடை ஆபரேஷன் பண்ணியாச்சா, கடைசியா எப்போ ஹீட் (இணை சேர்ற பருவம், ரத்தம் கசியும்) வந்துச்சு. கடைசி கேள்விய கேக்க நெறைய பேர் கூச்சப்படறாங்க, ஏன் கேக்கணும்னு கீழ சொல்லியிருக்கேன்.

அவங்க கெளம்பறதுக்கு முன்னாடி ஒரு சாயங்காலம் போய் நாய் சாப்பிடறத, எழுந்திருக்கறத, வாக்கிங் போறத கண்ணால பாத்துடுங்க. படுத்திருந்த எடத்துலருந்து எழ எவ்ளோ நேரம் எடுக்குது, மொசைக் தரைல பின்னங்கால் வழுக்குதா, இத பாத்தாலே பாதி தெரிஞ்சிடும்.

அப்புறம் அந்த வீட்டுக்கு வேலைக்கு வர்ற அக்காகிட்ட தனியா ரெண்டு நிமிஷம் பேசுங்க, இத சொல்லாம விட மாட்டேன். வீடு தொடைக்கறது அவங்கதான், எங்க ஈரம் இருந்துச்சு, எங்க வாந்தி இருந்துச்சுனு அவங்களுக்குதான் தெரியும். ஒரு வீட்ல ஆன்ட்டி எல்லாம் நார்மல்னு அரை மணி நேரம் பேசிட்டு காபி போட உள்ள போனாங்க, அந்த அக்கா மாப்ப பிழிஞ்சுக்கிட்டே "அது ராத்திரி ஃபுல்லா சுத்தும் தம்பி, விடியக்காலைலதான் படுக்கும், அம்மா சொல்லலயா?"னாங்க. ஆன்ட்டி பொய் சொல்லல, அவங்க மாடில கதவ சாத்திட்டு தூங்கறவங்க, பாவம்.

வீட்டுக்குள்ள போன ஒடனே என்ன பாக்கணும்?

மொதல்ல ஃப்ரிட்ஜ் கதவு. கறிவேப்பிலை கவருக்கும் இட்லி மாவுக்கும் நடுவுல இன்சுலின் குப்பி இருக்கலாம், கண்ணு சொட்டு மருந்து இருக்கலாம். அப்புறம் டிவி ஸ்டாண்ட் டிராயர், சாமி ரூம் ஷெல்ஃப், நாய் பெல்ட் மாட்டியிருக்கற எடத்துக்கு பக்கத்துல. நாய்க்கு குடுக்கற மருந்துல பாதி மனுஷங்க மருந்துக்கடைல வாங்கறதுதான், அதனால அது அங்கிளோடதா நாயோடதானு குழப்பம் வரும், அட்டைய ஃபோட்டோ எடுத்து "இது யாருது?"னு வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க.

கார்டனால்னு போட்டிருந்தா அது வலிப்புக்கு. லேசிக்ஸ், பிமோபெண்டன், என்வாஸ்னு இருந்தா பெரும்பாலும் இதயம் சம்பந்தப்பட்டது. வைசோலோன்னா ஸ்டீராய்டு, அரிப்புக்கும் குடுத்திருக்கலாம், வேற பெரிய விஷயத்துக்கும் குடுத்திருக்கலாம். மருந்து மட்டும் இல்ல, சோஃபா மேல ஏன் பிளாஸ்டிக் ஷீட் விரிச்சிருக்காங்க, பின்வாசல்கிட்ட ஏன் இவ்ளோ பழைய துணி மடிச்சு வெச்சிருக்காங்க, இதையும் பாருங்க.

இன்சுலின் இருந்தா ஒரு விஷயத்த மட்டும் மறக்காதீங்க. நம்ம ஊர்ல ஒரு மில்லிக்கு 40 யூனிட் இருக்கற குப்பியும் கெடைக்குது, 100 யூனிட் இருக்கறதும் கெடைக்குது, ரெண்டுக்கும் சிரிஞ்சு வேற வேற. சிவப்பு மூடி 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு. மாத்தி போட்டா டோஸ் ரெண்டு மடங்குக்கு மேல ஏறிடும், இல்லனா பாதிக்கும் கீழ எறங்கிடும். குப்பில எழுதியிருக்கற நம்பரும் சிரிஞ்சுல எழுதியிருக்கற நம்பரும் ஒண்ணா இருக்கானு ஒவ்வொரு தடவையும் பாருங்க. சாப்பிடாத நாய்க்கு வழக்கமான டோஸ போடாதீங்க, டாக்டருக்கு ஃபோன் போட்டு கேட்டுட்டு அப்புறம் பண்ணுங்க. தள்ளாடினாலோ நடுங்கினாலோ சர்க்கரை எறங்கியிருக்கலாம், தேனோ குளுக்கோஸ் கரைசலோ ஈறுல தடவிட்டு ஒடனே தூக்கிட்டு போங்க. மயக்கமா இருக்கற நாய் வாயில எதையும் ஊத்தாதீங்க.

"அது சும்மா சத்து மாத்திரைப்பா, குடுக்கலனாலும் பரவால்ல"னு சொல்லிட்டு போயிட்டாங்க. விட்டுடலாமா?

பேர பாத்து உறுதி பண்ணிக்கற வரைக்கும் விடாதீங்க. கார்டனால திடீர்னு நிறுத்தினா அதனாலயே வலிப்பு வரும், விடாம அடுத்தடுத்து கூட வரும். ரொம்ப நாளா குடுத்திட்டிருக்கற வைசோலோனையும் பட்டுனு நிறுத்தக்கூடாது, ஒடம்பு தானா சுரக்கற ஸ்டீராய்டு கொறஞ்சு போயிருக்கும், நாய் சுருண்டு படுத்துடும். கையில எத்தன மாத்திரை இருக்குனு மொத நாளே எண்ணுங்க, அவங்க திரும்பி வர்ற வரைக்கும் பத்தலனா சீட்டு இல்லாம கடைல தர மாட்டாங்க, கார்டனால்லாம் சுத்தமா தர மாட்டாங்க.

மாத்திரைய இட்லிக்குள்ள வெச்சு குடுக்கறது எல்லாரும் பண்றதுதான். கிழட்டு லேப்ங்க இதுல கில்லாடி, இட்லிய முழுங்கிட்டு மாத்திரைய கடவாய்லயே ஒதுக்கி வெச்சு நீங்க திரும்பினதும் சோஃபாக்கு பின்னாடி துப்பிட்டு வந்துடும். ஒரு நிமிஷம் நின்னு பாருங்க, அப்புறம் ஒரு வாய் தயிர் குடுங்க.

மொத நாள்ல நானே ஏதாவது செக் பண்ணி வெச்சுக்கலாமா?

கண்டிப்பா பண்ணுங்க, பின்னாடி டாக்டர் கேக்கறப்போ "முன்னாடி எப்டி இருந்துச்சு"ங்கறதுக்கு ஒங்ககிட்ட பதில் இருக்கும். நல்லா தூங்கறப்போ நெஞ்சு ஏறி எறங்கறத ஒரு நிமிஷம் எண்ணுங்க. 30க்கு கீழ இருக்கணும். ஏசில தூங்கறப்பவும் 30க்கு மேலயே போயிட்டிருந்தா அது இதயத்துலயோ நுரையீரல்லயோ பிரச்சனைக்கு அறிகுறியா இருக்கலாம், இருமலுக்கு முன்னாடியே கூட இது தெரியலாம்.

மேல் உதட்ட தூக்கி ஈறு கலர பாருங்க, ரோஸா இருக்கணும், வெரலால அழுத்தி விட்டா ரெண்டு செகண்டுக்குள்ள திரும்ப ரோஸ் வரணும். ஈறு கருப்பா இருக்கற நாய்னா கீழ் இமைய லேசா எறக்கி பாருங்க. தெர்மாமீட்டர் போட தெரிஞ்சா போடுங்க, ஆனா நாய்க்கு நார்மலே 101லருந்து 102.5 ஃபாரன்ஹீட், 101னு வந்ததும் பதறிப்போய் டோலோ வாங்க ஓடாதீங்க. டோலோ, காம்பிஃபிளாம், புரூஃபன், டைக்ளோஃபினாக் எதையும் சொந்தமா குடுக்காதீங்க, வயசான நாயோட கிட்னியும் கல்லீரலும் தாங்காது, வயித்துல புண்ணாகி ரத்தம் கூட வரும்.

கை வெச்சு ஒடம்பு பூரா ஒரு தடவ தடவிப் பாருங்க. கட்டி இருந்தா எந்த எடம், நெல்லிக்கா சைஸா எலுமிச்ச சைஸானு ஃபோட்டோவோட ஓனருக்கு அன்னிக்கே அனுப்பிடுங்க. பின்னாடி "நீ வந்தப்புறம்தான் வந்துச்சு"ங்கற பேச்சு வராது.

தண்ணி நெறைய குடிக்குது, வீட்டுக்குள்ளயே ஒண்ணுக்கு போகுது. ஓனர் "எப்பவும் அப்டித்தான்"ங்கறாங்க.

எனக்கு அதிகமா வர்ற கேள்வி இதுதான், மறைஞ்சிருக்கற வியாதிங்கள்ல பாதி இந்த தண்ணி கிண்ணத்துலதான் தெரியும், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

மொதல்ல அளந்து பாருங்க. காலைல லிட்டர் பாட்டில்ல அளந்து ஊத்துங்க, மறுநாள் காலைல மிச்சத்த கழிங்க. ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 100 மில்லிக்கு மேல போனா அது அதிகம். 30 கிலோ லேப்னா 3 லிட்டர். மே மாச வெயில்ல கொஞ்சம் கூடத்தான் செய்யும், ஆனா நாள் பூரா ஏசில படுத்திருக்கற நாய் நாலு லிட்டர் குடிச்சா அதுக்கு ஒரு காரணம் இருக்கு. சர்க்கரை வியாதி இருக்கலாம், கிட்னி இருக்கலாம், குஷிங்ஸ்னு ஒரு ஹார்மோன் பிரச்சனை இருக்கலாம், அதுல வயிறு தொங்கும், முடி கொட்டும், பசி தாங்காது. இல்லனா வைசோலோன் குடுக்கறதனாலயே இருக்கலாம்.

ஒண்ணுக்கு போன எடத்துல எறும்பு மொய்க்குதானு பாருங்க. பாட்டி காலத்து டெஸ்ட்தான், இத வெச்சு முடிவு பண்ண முடியாது, ஆனா டாக்டர்கிட்ட சொல்ல வேண்டிய விஷயம்.

கருத்தடை பண்ணாத பொண்ணு நாயா இருந்தா இன்னொண்ணு இருக்கு, அதுதான் ரொம்ப பயப்பட வேண்டியது. பையோமெட்ரானு பேரு, கர்ப்பப்பைல சீழ் கட்டிக்கறது. ஹீட் முடிஞ்சு பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு மாசத்துக்குள்ள வரும். தண்ணி ஜாஸ்தி குடிக்கும், சாப்பாடு எறங்காது, சோர்ந்து படுத்துக்கும், வால தூக்கினா பின்னாடி சீழோ ரத்தமோ ஈரமா தெரியும், சில நாய்க்கு கர்ப்பப்பை வாய் மூடிக்கிட்டு எதுவுமே வெளிய வராது, அது இன்னும் ஆபத்து. இதுக்கு ஆபரேஷன்தான், நாள் தள்ளிப்போட முடியாது. ஹீட் எப்போ வந்துச்சுனு கேக்க சொன்னது இதுக்குதான். நம்ம ஊர்ல வீட்டு பொண்ணு நாய்ங்கள்ல நெறைய ஆபரேஷன் பண்ணாமலே வயசாகுதுங்க, "ஒரு தடவையாவது குட்டி போடட்டும்"னு தள்ளிப்போட்டது அப்டியே நின்னு போயிருக்கும்.

ஒரு விஷயம், தொடைக்க முடியலனு ராத்திரி தண்ணிய எடுத்து வெச்சிடாதீங்க. கிட்னி போன நாய்க்கு அது விஷம் வெச்ச மாதிரி. பழைய வேட்டியோ டயப்பரோ போடுங்க, அதுக்கு ஆகற செலவ ஓனர்கிட்ட கேளுங்க.

ராத்திரி பூரா நடக்குது, மூலைல போய் நின்னு செவுத்தயே பாக்குது. பேய் கீய் புடிச்சிருக்கானு பக்கத்து வீட்ல கேக்கறாங்க.

மனுஷங்களுக்கு வர்ற மறதி நோய் மாதிரி நாய்க்கும் உண்டு. பகல்ல தூங்கும், ராத்திரி சுத்தும், கதவோட கீல் பக்கம் போய் நிக்கும், பழகின ஆளையே புதுசா பாக்கும். ஆனா எல்லா ராத்திரி நடையும் மறதி இல்ல, இடுப்பு வலில படுக்க முடியாம நடக்கலாம், கண்ணு தெரியாம தடுமாறலாம், மூச்சு முட்டி படுக்க முடியாம இருக்கலாம். ஒரு நிமிஷம் வீடியோ எடுத்து டாக்டருக்கு காட்டுங்க.

உங்களால முடிஞ்சது, ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு போட்டு வைங்க, ஃபர்னிச்சர எடம் மாத்தாதீங்க, டைல்ஸ்ல நடக்கற பாதைல சாக்கோ யோகா மேட்டோ விரிங்க, மாடிப்படிக்கு குறுக்க எதையாவது வெச்சு அடைங்க. பால்கனி கம்பி இடைவெளியையும் பாத்துடுங்க.

வலிப்பு வந்துச்சு. கைல சாவி குடுக்கணுமா?

வேணாம். சாவி, இரும்பு, வெங்காயம் எதுவும் வேணாம், வாய்ல கைய கரண்டிய எதையும் விடாதீங்க, நாக்க முழுங்காது, ஒங்க வெரல்தான் போகும். சுத்தி இருக்கற பொருள நகர்த்துங்க, லைட்ட டிம் பண்ணுங்க, ஃபோன்ல டைம் பாத்துக்கிட்டே வீடியோ எடுங்க. 5 நிமிஷத்த தாண்டினா, இல்லனா ஒரே நாள்ல ரெண்டாவது தடவ வந்தா, நேரா ஆஸ்பத்திரி. அடங்கினதும் கொஞ்ச நேரம் கண்ணு தெரியாத மாதிரி முட்டி மோதும், அப்போ கிட்ட போய் கட்டிப்புடிக்காதீங்க, தெரியாம கடிச்சிடும்.

இன்னொரு விஷயம் வலிப்பு மாதிரியே தெரியும். திடீர்னு தலை ஒரு பக்கம் சாஞ்சு, கண்ணு ரெண்டும் பக்கவாட்டுல ஆடிக்கிட்டே இருக்கும், நிக்க முடியாம உருளும், வாந்தி வரும். பக்கவாதம்னு எல்லாரும் அழுதுடுவாங்க. வயசான நாய்ங்களுக்கு காது உள்ள இருக்கற சமநிலை கெட்டுப்போய் இப்டி வர்றது உண்டு, டாக்டர்கிட்ட காட்டியே ஆகணும், ஆனா நெறைய நாய்ங்க சில நாள்ல, சில வாரத்துல எழுந்து நடந்துடும். பயந்து அன்னிக்கே கருணைக்கொலை ஊசி போட்டுடலாம்னு முடிவெடுத்துடாதீங்க. வாக்கிங் நடுவுல சட்டுனு விழுந்து அரை நிமிஷத்துல எழுந்து ஒண்ணும் நடக்காத மாதிரி வால ஆட்டினா அது இதயம் சம்பந்தப்பட்டதா இருக்கலாம், அதையும் சொல்லணும்.

அக்னி நட்சத்திரத்துல சிட்டிங் வந்திருக்கு. எடுக்கலாமா?

இன்வெர்ட்டர்ல ஃபேன் மட்டும்தான் ஓடும்னா பக் மாதிரி சப்ப மூக்கு நாய்க்கும் கிழட்டு லேபுக்கும் நான் யோசிப்பேன். வயசான லேபுக்கு தொண்டைல குரல் பெட்டி சரியா தெறக்காம போற பிரச்சனை ஒண்ணு உண்டு. கொரைக்கற சத்தம் கரகரனு மாறியிருக்கும், மூச்ச இழுக்கறப்போ அறுக்கற மாதிரி சத்தம் வரும். ஓனர் "குரல் கொஞ்சம் உடஞ்சிடுச்சு"னு சிரிச்சிக்கிட்டே சொல்லுவார். நாய் மூச்சு வாங்கிதான் ஒடம்ப குளுமை பண்ணுது, அந்த வழியே சுருங்கிட்டா மத்தியானம் ஒரு மணி நேரம் கரண்ட் போனாலே ஆபத்து. வாக்கிங் காலைல ஆறுக்கு முன்னாடி, இருட்டினப்புறம் ஒரு தடவ, அவ்ளோதான். கழுத்துப் பட்டைக்கு பதிலா நெஞ்சுப் பட்டை போடுங்க. நாக்கு நீலமாவோ கத்திரிப்பூ கலர்லயோ மாறினா, தள்ளாடினா, சாதா தண்ணி ஊத்தி ஃபேன் காத்துல வெச்சு, ஆட்டோ கூப்பிடுங்க. நனைக்கறத மொதல்ல ஆரம்பிங்க, அப்புறம் கெளம்புங்க.

வீட்டு சாப்பாடே போடலாமா?

என்ன சாப்பிட்டு பழக்கமோ அதையே போடுங்க, புதுசா எதையும் ஆரம்பிக்காதீங்க. சின்ன வெங்காயம் போட்ட சாம்பார், பாயசத்துல இருக்கற திராட்சை, சாக்லேட், சர்க்கரை இல்லாத சூயிங்கம், இதெல்லாம் கூடாது. தயிர் சாதம் ஒத்துக்கும், ஆனா கிட்னியோ சர்க்கரையோ இருந்தா அதையும் கேட்டுட்டு.

என்ன ஆச்சுனா காலைல வரைக்கும் காத்திருக்கக்கூடாது?

வயிறு மத்தளம் மாதிரி உப்பி, வாந்தி எடுக்க முயற்சி பண்ணி எதுவும் வராம எச்சில் மட்டும் ஒழுகினா, எங்க இருந்தாலும் கெளம்புங்க. ஜெர்மன் ஷெப்பர்ட், கிரேட் டேன், டாபர்மேன் மாதிரி ஆழமான நெஞ்சு இருக்கற நாய்க்கு வயிறு முறுக்கிக்கும், சில மணி நேரம்தான் கணக்கு. ஈறு வெளுத்துப் போனா, மூக்குல ரத்தம் வந்து நிக்கலனா, ஒண்ணுக்கே போகாம முக்கினா, மூச்சுக்கு கழுத்த நீட்டிக்கிட்டு உக்காந்தே இருந்தா, பின்னங்கால் திடீர்னு விழுந்துட்டா, அதே மாதிரிதான். மூக்கு ரத்தமும் வெளுத்த ஈறும் நம்ம ஊர்ல உண்ணிக் காய்ச்சல்லயும் வரும், காது மடல் உள்பக்கம், வெரல் இடுக்குல உண்ணி இருக்கானு பாத்து சொல்லுங்க.

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி 1903ல ஆரம்பிச்சது, சென்னைல சிக்கலான கேஸ்னா பெரும்பாலும் அங்கதான் அனுப்புவாங்க. ஆனா நீங்க ஈசிஆர்லயோ தாம்பரத்துலயோ இருந்தா ராத்திரி ரெண்டு மணிக்கு எந்த எடம் தெறந்திருக்குனு மொத வாரமே ஃபோன் போட்டு கேட்டு வெச்சுக்கணும். 35 கிலோ நாய தூக்கிட்டு போக ஒத்துக்கற ஆட்டோ அண்ணன் நம்பர் ஒண்ணும் வேணும். ஆப்ல புக் பண்ணா நாய பாத்ததும் கேன்சல் பண்ணிட்டு போயிடறாங்க. படுத்த நாய தூக்க கனமான பெட்ஷீட், ரெண்டு பேர்.

அவசரத்துல ஓனர் ஃபோனே எடுக்கல. நானே முடிவு பண்ணலாமா?

அவங்க கெளம்பறதுக்கு முன்னாடியே இத எழுதி வாங்கிடணும். நியூ ஜெர்சினா துபாய், தோஹா வழியா போறப்போ கிட்டத்தட்ட ஒரு நாள் ஆளே கெடைக்க மாட்டாங்க, அந்த மொத நாள்தான் நாயும் ஆள காணோம்னு சாப்பிடாம பயமுறுத்தும். அப்புறம் ராத்திரி நேரத்துல பிரச்சனை இல்ல, நமக்கு ராத்திரி 11னா அங்க மத்தியானம் ஒரு மணி வாக்குல. நமக்கு மத்தியானம் 12னாதான் அங்க விடியக்காலை ரெண்டு மணி வாக்குல, சைலன்ட்ல போட்டு தூங்குவாங்க.

வாட்ஸ்அப்ல இப்டி ஒரு மெசேஜ் போட்டு பதில் வாங்கிக்கோங்க: "அங்கிள், அவசரம்னா உங்கள ரெண்டு தடவ கூப்பிடுவேன், எடுக்கலனா உங்க தம்பிக்கு போடுவேன், அவரும் எடுக்கலனா டாக்டர் சொல்ற சிகிச்சைய ஆரம்பிச்சுடுவேன். இத்தன ரூபா வரைக்கும் உங்கள கேக்காம செலவு பண்ணலாமா? ஆபரேஷன்னா ஓகேவா? காப்பாத்தவே முடியாதுனு டாக்டர் சொன்னா என்ன பண்ணட்டும்?" கடைசி வரிய டைப் பண்ண கை வராது, ஆனா கேட்டுடுங்க. ஒரு தொகைய முன்கூட்டியே ஜிபேல வாங்கி தனியா வைங்க. ஆபரேஷனுக்கு கையெழுத்து போட சொல்றப்போ நீங்க ஓனர் இல்ல, அதனால ஊர்ல இருக்கற சொந்தக்காரர் ஒருத்தர் பேரு கண்டிப்பா வேணும்.

வியாதிய மறைச்சிட்டாங்க, என் காசு செலவாயிடுச்சு. சட்டப்படி கேக்க முடியுமா?

1872ல போட்ட இந்திய ஒப்பந்தச் சட்டத்துல இதுக்கு கிட்டத்தட்ட நேரா ஒரு பிரிவு இருக்கு. சட்டம் வளர்ப்புப் பிராணிய சொத்தாதான் பாக்குது, கோவம் வந்தாலும் இந்த எடத்துல அது நமக்கு சாதகம். பிரிவு 150, ஒரு பொருள ஒப்படைக்கறவரு தனக்கு தெரிஞ்ச குறைய, வாங்கிக்கறவருக்கு ஆபத்து வர்ற மாதிரி குறைய, சொல்லியே ஆகணும்ங்குது. அதுக்கு சட்டத்துலயே குடுத்திருக்கற உதாரணம் ஒரு முரட்டு குதிரை. முரடுனு தெரிஞ்சும் சொல்லாம இரவல் குடுக்கறான், குதிரை தறிகெட்டு ஓடி வாங்கினவன் கீழ விழுந்து அடிபடறான், குடுத்தவன்தான் நஷ்டத்துக்கு பொறுப்பு. பிரிவு 158, சம்பளம் வாங்காம பாத்துக்கிட்டா அவசியமான செலவ ஒப்படைச்சவரு திருப்பி குடுக்கணும்ங்குது. பிரிவு 151 உங்க கடமைய சொல்லுது, சாதாரண புத்தியுள்ள ஒருத்தர் தன் சொந்தப் பொருள பாத்துக்கற அளவு கவனம் நீங்க காட்டியிருக்கணும்.

ஓனர் வீட்லயே நீங்க தங்கறப்போ நாய ஒப்படைச்சதா ஆகுமாங்கறதுல வக்கீல் வாதம் பண்ண எடம் இருக்கு, பில்லு பெருசுனா ஒரு வக்கீல பாத்துடுங்க. நடைமுறைல யாரும் கோர்ட்டுக்கு போறதில்ல. ஆனா இந்த குதிரை கதைய மரியாதையா அனுப்பினா பல பேர் பில்ல கட்டிடறாங்க.

தாங்க முடியல. நடுவுல விட்டுட்டு வந்துடலாமா?

சாவிய பக்கத்து வீட்ல குடுத்துட்டு கெளம்பறது மட்டும் வேணாம். 1960 பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்துல பட்டினியாவோ தாகத்துலயோ கெடக்கற மாதிரி விட்டுட்டு போறது குற்றம், மொத தடவைக்கு அபராதம் 10லருந்து 50 ரூபாதான், சிரிப்பு வரும், ஆனா நாய் கெடக்கும்ல. ஒரு தேதி சொல்லுங்க, "ஞாயித்துக்கிழமை வரைக்கும் இருப்பேன், அதுக்குள்ள ஆள் ஏற்பாடு பண்ணுங்க"னு. சொல்லாத வியாதிக்காக விலகறதுல தப்பே இல்ல, நான் விலகியிருக்கேன்.

கடிச்சிடுச்சு. வீட்டு நாய்தானே, தடுப்பூசி போட்டதுதானேங்கறாங்க.

சோப்பு போட்டு ஓடற தண்ணில 15 நிமிஷம் கழுவுங்க, மஞ்சள் சுண்ணாம்பு எதுவும் வெக்காதீங்க, அன்னிக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ ஜிஎச்சுக்கோ போங்க, ஊசி அங்க இலவசம். ஓனர் சொல்ற தடுப்பூசி கார்ட ஃபோட்டோ கேளுங்க, போன வருஷம் போட்டாங்களானு தேதிய பாருங்க. பல வருஷமா சாதுவா இருந்த கிழட்டு நாய் கடிச்சா அது குணம் மாறினதா இருக்காது, எங்கயோ வலிக்குதா இருக்கலாம். எந்த எடத்த தொட்டப்போ கடிச்சுதுனு டாக்டருக்கு சொல்லுங்க, பெரும்பாலும் இடுப்பு, காது, இல்லனா பல்லு.

நான் இருக்கறப்பவே செத்துட்டா?

நடக்கும். 13, 14 வயசு நாய்னா மாசக்கணக்குல போற சிட்டிங்ல இதுக்கும் தயாராதான் போகணும். வீடியோ கால்ல ஒரு தடவ பாக்கணுமானு ஓனர கேளுங்க, சில பேர் வேணாம்பாங்க, வற்புறுத்தாதீங்க. எங்க அடக்கம் பண்றது, எரிக்கறதா பொதைக்கறதாங்கறத அவங்களே சொல்லணும், சென்னை வெயில்ல அதுக்கு நெறைய நேரம் கெடையாது, அதனால எங்க பண்ணலாம்னு விவரத்த முன்னாடியே வாங்கி வைங்க. எப்டி போச்சுனு தெரியலனா டாக்டர்கிட்ட ஒரு சீட்டு எழுதி வாங்குங்க, சந்தேகம் கெளம்பினா அதுதான் ஒங்களுக்கு துணை.

எவ்ளோ காசு கேக்கலாம்? வீட்டு வாடகை இல்லயே, அதுவே போதும்ங்கறாங்க.

நல்லா இருக்கற நாய்க்கு அந்த கணக்கு சரி. மாத்திரை ரெண்டு வேளை, ராத்திரி மூணு தடவ எழறது, தினம் தரை தொடைக்கறதுனா அது வேலை, அதுக்கு தனி ரேட். உள்ள போனப்புறம் சொல்லாத வியாதி தெரிஞ்சா அன்னிக்கே ரேட்ட மாத்தி பேசுங்க, ஆறு மாசம் கழிச்சு சொல்லிக்கலாம்னு விட்டா அங்கிள் ஏர்போர்ட்லருந்து ஒரு பாக்கெட் பாதாம் சாக்லேட் வாங்கிட்டு வந்து குடுப்பார், வாங்கிட்டு சிரிக்க வேண்டியதுதான். மருந்து பில்லு, டாக்டர் பில்லு, ஆட்டோ காசு எல்லாத்தையும் அன்னன்னிக்கு ஃபோட்டோ எடுத்து அதே வாட்ஸ்அப் சாட்ல போட்டு வைங்க, டயப்பர் பாக்கெட் உட்பட.